அறுபது இடம்

தண்ணீர்க் கட்டண ரசீதின் அடியில்
அறுபது எழுத்துக்கு இடமிருக்கிறது.
சிக்கனத்தைப் பற்றி ஒரு வரி எழுதித் தா என்று
என்னிடம் தள்ளிவிட்டார்
உதவிப் பொறியாளர் சவரிநாதன்.
யாருடைய பணிநிறைவுக்கோ
நான் ஒருமுறை வாழ்த்துமடல் எழுதியவன்.
அவருக்கு அது போதும்.

எழுத்தென்றால் நம் எழுத்தில்லை.
புள்ளியைத் தனியாக, கொம்பைத் தனியாக
எண்ணுகிறது கணினி.
நாலெழுத்துத் தண்ணீர்
ஏழு இடத்தை அடைத்துக்கொள்கிறது.
நீர் என்றால் நாலில் முடியும்.
ஆனால் குருசுக்குப்பத்தில் எவரும்
நீர் வந்துச்சா என்று கேட்பதில்லை.
தண்ணிக்கு ஐந்து.
அதற்குச் சிவப்பு மையில் சுழி.

துளித்துளியாய்ச் சேமிப்போம் என்று எழுதினேன்.
அது லாரியின் முதுகிலேயே இருக்கிறதாம்.
இருக்கிறது,
முத்தியால்பேட்டை முழுக்க ஒழுகிக்கொண்டே போகும் லாரி.
உங்கள் போர்வெல் வழியாகக் கடல் வருகிறது
என்று எழுதினேன்.
பயமுறுத்தாதய்யா, பில் கட்டமாட்டான் என்றார்.

பிறகு மேலிடத்திலிருந்து வந்தது யோசனை:
வாசகம் வேண்டாம்,
தெருவின் சராசரியைப் போடுங்கள்,
பக்கத்தில் ஒரு முகம்.
சிரிப்புக்கு இரண்டே இடம்,
முக்காற்புள்ளி, ஓர் அடைப்புக்குறி.
அடைப்பைத் திருப்பினால் சிடுசிடுப்பு.

சொல்லத்தான் வேண்டும், வேலை செய்தது.
மீட்டர் பார்க்கும் தேசிங்கு வந்து வந்து சொல்வான்:
லாஸ்பேட்டையில் ஒருவர்
சிடுமூஞ்சி ரசீதைப் பார்த்த அன்றே
கக்கூஸ் தொட்டிக்கு வாஷர் மாற்றினார்.
ஒரே சுவரைப் பங்கிட்டு
பன்னிரண்டு வருடம் பேசாத இரண்டு ஓரகத்திகள்
இப்போது சிரிப்புக்குப் போட்டி.
காரைக் குழாயில் கழுவியவன்
வாளியோடு நிற்கிறான்,
தெரு பார்க்கும்படி.

வியாழக்கிழமை அஞ்சலாட்சி வந்தாள்.
சுருக்குப்பையிலிருந்து
நாலாக மடித்த ரசீது,
ஓரத்தில் ஒட்டிய ஒரு மீன்செதில்.
"இது யாரு சிரிக்கிறது?"

மூன்று மாதத்துக்கு ஆறு யூனிட்,
தெருவிலேயே குறைவு, பாராட்டு அது என்றேன்.

"எங்க வீடு கடைசி சார்.
அதுக்கு முன்னாடி ஒம்போது மோட்டாரு.
அவுங்க இழுத்து முடிச்சப்புறம்
குழாயில காத்துதான் வரும்.
காத்துக்கும் மீட்டரு ஓடுமுன்னு தேசிங்கே சொன்னாரு.
அந்த ஆறுல எத்தினி காத்துன்னு பாத்துச் சொல்லு.
நான் ஒண்ணும் மிச்சம் புடிக்கல.
எனக்கு வரல.
சிரிப்ப எடுத்துடு."

விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்தேன்.
பெயர்த் திருத்தம், முகவரி மாற்றம்,
மீட்டர் கோளாறு, உரிமையாளர் மரணம்.
சிரிப்பை நீக்கக் கட்டம் இல்லை.
மீட்டர் கோளாறில் ஒரு டிக் போட்டுவிட்டு
டோக்கன் எண் கொடுத்தேன்.
அவள் அதையும் நாலாக மடித்தாள்.

மறுநாள் விடியற்காலை தேசிங்கும் லைன்மேனும் போனார்கள்.
ஒன்பது இல்லை, பதினொன்று.
ஒரு மோட்டார் துளசிமாடத்துக்குப் பின்னால்.
அந்த வீட்டு ரசீதிலும் சிரிப்பு,
சராசரியே அந்தத் தெருவில் அவ்வளவு.

மத்தியானம் சோறு இறங்கவில்லை.
அடித்தடித்து எழுதி
விரல்விட்டு எண்ணினேன்:
குழாய் உங்கள் வீட்டோடு முடியவில்லை.
முற்றுப்புள்ளி, இடைவெளி, எல்லாம் சேர்த்து
முப்பத்தைந்து.

சவரிநாதன் கண்ணாடியை ஏற்றிப் படித்தார்.
இதில் தண்ணீரே இல்லையே என்றார்.
அங்கேயும் இல்லை சார்.

பேனாவின் மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார் கொஞ்ச நேரம்.
பிறகு கடைசியில்
நன்றி என்று சேர்த்துக் கையெழுத்திட்டார்.
முன்னால் ஓர் இடைவெளி விட்டு, அது ஆறு.

பத்தொன்பது இடம்
இன்னும் காலி.